டம்ளரில் ஒரு சுண்ணாம்பு உருண்டை

கும்பகோணம்
ஐப்பசி 9

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு மழை ஒரு காரணம், கொத்தனார் ஒரு காரணம். மூன்றாவது காரணம் ஜான் ஸ்மீட்டன் என்று ஒரு இங்கிலாந்து இஞ்சினியர். செத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், அதற்கு முன் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன்.

பேத்தி எட்டாம் வகுப்பு. கணக்கு வருகிறது, தமிழ் வரவில்லை. முழங்கால் பழையபடிதான். மாடிப் படி ஏறினால் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அடங்கிவிடும். மாடிதான் பிரச்சினை. உனக்குத் தெரியும், எங்கள் வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், மேலே செங்குத்தாக அடுக்கிய செங்கல், அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து. மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் வந்து, இதெல்லாம் பழைய முறை சார் என்று சொல்லி, மேலே சிமெண்ட் தளம் போட்டு ஏதோ ரசாயனம் பூசிவிட்டுப் போனார். இப்போது தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. கூடத்து உத்தரத்தில் ஈரம் ஏறிவிட்டது. நானும் ஒரு இஞ்சினியர், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னத்தைச் சொல்ல.

இந்தத் தடவை வயசான கொத்தனார் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். கடுக்காயும் வெல்லமும் வாங்கி ஊறப்போடச் சொன்னார். வாங்கி வைத்த சுண்ணாம்பைப் பார்த்துவிட்டு, "இது கிளிஞ்சலு. பூச்சுக்கு ஆகும், பளபளன்னு வரும். தண்ணி நிக்கிற எடத்துக்கு ஆகாது. அதுக்குச் சுக்கான் வேணும்" என்றார். கிளிஞ்சல் சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு, சுக்கான் வயலில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார்.

இங்கேதான் ஸ்மீட்டன் வருகிறார்.

மகள் கொடுத்த டேப்லட்டில் பழைய புத்தகங்களின் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கின்றன. போன ஆடியிலிருந்து ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் எடிஸ்டோன் பாறைமேல் கலங்கரை விளக்கத்தைக் கல்லால் கட்டிய கதையை அவரே எழுதியது, 1791ல் அச்சானது. பெரிய அளவுப் புத்தகம், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சமர்ப்பணம். அந்தக் காலத்து அச்சில் எஸ் எழுத்தைப் பாதி இடத்தில் எஃப் மாதிரியே போட்டிருக்கிறார்கள். முதல் நாலு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தேன், அப்புறம் பழகிவிட்டது.

ஆளைப் பற்றி உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும். காலேஜில் சிவில் இஞ்சினியரிங் வரலாறு என்று ஒன்றரைப் பக்கம் நடத்தினார்களே, அதில் பெயர் வந்தது. 1724ல் லீட்ஸ் பக்கத்தில் ஆஸ்தார்ப் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வக்கீல். பையனையும் வக்கீலாக்க லண்டனுக்கு அனுப்பினார், பையனோ அளவைக் கருவி செய்யப் போய்விட்டான். பிறகு சர்வே, கால்வாய், பாலம், துறைமுகம், மாவு மில் என்று கை வைக்காத வேலை இல்லை. பட்டாளத்து இஞ்சினியர் இல்லை என்று காட்டுவதற்காகத் தன்னைச் சிவில் இஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டவர். நம் இருவர் வீட்டு வாசல் பலகையிலும் இருக்கும் வார்த்தை அவர் உபயம்.

விளக்கு 1759ல் ஏற்றப்பட்டது, புத்தகம் 1791ல் வருகிறது. இடையில் 32 வருஷம்! அந்த முன்னுரையில் ஒன்று சொல்கிறார், அதற்காகவே உனக்குக் கடிதம் எழுதலாம்: கட்டியதைவிட எழுதியதுதான் தனக்குக் கஷ்டமாக இருந்ததாம், நேரமும் மனசும் அதற்குத்தான் அதிகம் பிடித்ததாம். கடலுக்கு நடுவே வழுக்குப் பாறையில் கல் வைத்தவன் சொல்கிறான் இதை.

அந்தப் பாறையைக் கொஞ்சம் நினைத்துப் பார். பிளிமத் துறைமுகத்திலிருந்து சுமார் 14 மைல். கடல் ஏறும்போது முங்கிவிடும், இறங்கும்போது கொஞ்ச நேரம் தலை காட்டும். அங்கே அவருக்கு முன் இரண்டு பேர் கட்டிவிட்டார்கள். முதலாவது ஹென்றி வின்ஸ்டன்லி. எவ்வளவு பெரிய புயல் வந்தாலும் அன்றைக்கு நான் உள்ளே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1703 நவம்பரில் அந்தப் புயல் வந்தது. அவர் உள்ளேதான் இருந்தார். காலையில் பார்த்தால் கோபுரமும் இல்லை, ஆளும் இல்லை. இரண்டாவது ரட்யர்ட் மரத்தால் கட்டியது. அது நாற்பது வருஷத்துக்கு மேல் நன்றாகவே நின்று, 1755 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தது. காவல்காரர்களில் ஒருவர் ஹென்றி ஹால், வயது 94. அண்ணாந்து பார்த்துத் தண்ணீர் வீசியவரின் வாயில் கூரையின் ஈயம் உருகி விழுந்துவிட்டது. ஈயத்தை முழுங்கிவிட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பன்னிரண்டாம் நாள் இறந்தார். வயிற்றை அறுத்துப் பார்த்த டாக்டர் ஏழு அவுன்ஸுக்கு மேல் எடையுள்ள ஈயக் கட்டியை எடுத்தார். டாக்டரையும் லண்டன் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்காரர்கள் லேசில் நம்பவில்லை. அந்தக் கட்டி இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது, ஸ்மீட்டன் இந்த முன்னோர்களைக் கிண்டல் செய்வதில்லை. ரட்யர்ட் பாறையில் எப்படித் துளை போட்டு இரும்பை இறக்கினார், எது நின்றது, எது நிற்கவில்லை என்று உட்கார்ந்து பார்க்கிறார். நாம் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் முதலில் செய்வது முன்னாடி இருந்த உதவி இஞ்சினியரைத் திட்டுவது.

முதல் தடவை படகில் போனபோது அவரால் இறங்கவே முடியவில்லை. திரும்பி வந்தார். அதையும் எழுதுகிறார். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

கோபுரத்தின் வடிவத்துக்கு ஓக் மரத்தை உதாரணம் சொல்கிறார். அடி அகலம், மேலே போகப் போக உள்ளே வளைந்து மெலிகிறது, காற்றில் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. எல்லாரும் எடுத்துச் சொல்வது இதைத்தான். எனக்கு அதைவிட சுவாரஸ்யமானது, கல்லோடு கல்லை டவ்டெயில் போட்டு, அதாவது புறா வால் மாதிரி விரிந்த முனையை அதே வடிவப் பள்ளத்தில் செருகி, பூட்டும் யோசனை வந்த இடம். லண்டன் தெருவோர நடைபாதையில் ஓரக் கற்களை அப்படிப் பூட்டியிருந்தார்களாம். தினமும் ஆயிரம் பேர் மிதித்துப் போன கல். பாறையையே படிப்படியாக வெட்டி, அதிலும் டவ்டெயில் பள்ளம் எடுத்து, முதல் வரிசைக் கல்லைப் பாறையோடு பூட்டினார். வெளிச்சுற்றுக்குக் கார்ன்வால் கிரானைட், உள்ளே போர்ட்லண்ட் கல். ஒவ்வொரு வரிசையையும் பிளிமத் கரையில் ஒரு மேடையில் முழுசாக அடுக்கிப் பார்த்து, நம்பர் போட்டு, பிரித்துப் படகில் ஏற்றினார்கள். பாறையில் போய்ச் செதுக்கிக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

முதல் கல் வைத்தது 1757 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. இரண்டேகால் டன். ஆட்கள் இரண்டு அணி, வாரம் மாற்றி வாரம். அவர்களில் கார்ன்வால் தகரச் சுரங்கத் தொழிலாளிகள் நிறைய. கடற்படைக்காரர்கள் வழியில் கண்ட ஆளையெல்லாம் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த காலம். இவர்களைப் பிடிக்கக் கூடாது என்று ஆளுக்கொரு பதக்கம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நம் ஆள் கணக்கு எழுதும் மஸ்டர் ரோலில் இந்தத் தலைவலி இல்லை.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். புத்தகத்தின் உயிர் அந்தப் பகுதிதான், நான் மூன்று தடவை படித்தேன். சாந்து இறுகுவதற்குள் ஒரு நாளில் இரண்டு தடவை கடல் ஏறிக் கழுவிவிட்டுப் போகும். தண்ணீருக்குள் இறுகும் சாந்து வேண்டும். அந்தக் காலத்தில் கொத்தனாரிலிருந்து பெரியவர்கள் வரை எல்லாரும் நம்பியது, கல் கடினமாக இருந்தால் அதிலிருந்து வரும் சுண்ணாம்பும் கடினமாக இறுகும் என்பது. கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? இவர் அதை நம்பாமல், மெத்தென்ற சீமைச் சுண்ணாம்புக் கல்லின் சுண்ணாம்பையும் பிளிமத் பளிங்கின் சுண்ணாம்பையும் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றே. கடினத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு பல ஊர்ச் சுண்ணாம்புகளில் சாந்து குழைத்து, இரண்டு அங்குல உருண்டையாகப் பிடித்து, கொஞ்சம் இறுக விட்டு, தண்ணீரில் போட்டு வைத்தார். சில கரைந்தன, சில நின்றன. தெற்கு வேல்ஸில் அபர்த்தா என்ற இடத்துக் கல் நன்றாக நின்றது. ஏன்? பிளிமத்தில் வில்லியம் குக்வொர்தி என்ற மருந்து வியாபாரி நண்பர், ரசாயனம் தெரிந்தவர். கல்லை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பார்க்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். சுத்தமான கல் முழுசாகக் கரைந்து போயிற்று. அபர்த்தா கல் கரைந்ததும் அடியில் சேறு தங்கியது. அதை வடிகட்டி, உருண்டை பிடித்து, சுட்டால் செங்கல் மாதிரி சிவந்தது. களிமண்! சுண்ணாம்புக் கல்லில் களிமண் கலந்திருந்தால்தான் தண்ணீரில் இறுகும். அழுக்குக் கல்தான் நல்ல கல். அதோடு இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து வந்த பொஸலானா என்ற எரிமலை மண்ணைச் சரிக்குச் சரி கலந்தார். அந்த மண், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்கு விலை போகும் என்று ஒரு வியாபாரி இறக்கி, போணியாகாமல் பிளிமத்தில் கிடந்ததாம்.

மணி, இதைப் படித்த மறுநாள்தான் கொத்தனார் சுக்கான் வேணும் என்கிறார். எனக்குப் பொறுக்குமா? வயலில் கிடந்த சுக்கான் கல் இரண்டும் கொஞ்சம் கிளிஞ்சலும் எடுத்து, தனித்தனிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினேன். இரண்டும் பொங்கின. கிளிஞ்சல் பாட்டிலில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சுக்கான் பாட்டிலில் அடியில் ஒரு விரல்கடை பழுப்புச் சேறு.

அதோடு விட்டிருக்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பில் மணல் சேர்த்து ஒரு உருண்டை, செங்கல் தூள் சேர்த்து ஒரு உருண்டை பிடித்து, ஒரு வாரம் ஈரச் சாக்கில் வைத்து, பிறகு இரண்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி உள்ளே போட்டேன். சமையலறை அலமாரியில் வைத்ததுதான் தப்பு. மறுநாள் காலை வீட்டுக்காரி அதில் ஒன்றை எடுத்து, வெல்லம் கரைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து, நல்ல வேளை மோந்து பார்த்தாள். அப்புறம் நடந்ததை நான் எழுத மாட்டேன். அவள் தூக்கியது மணல் உருண்டை இருந்த டம்ளர். ஆட்டிய ஆட்டத்தில் கஞ்சியாகியிருந்தது. செங்கல் தூள் உருண்டை நகத்தால் கீறினால் கோடு விழுகிறது, ஆனால் உருண்டையாகவே இருக்கிறது. இன்றோடு பதினெட்டு நாள். இப்போது டம்ளர் திண்ணையில் இருக்கிறது.

செங்கல் தூள் என்றால் நம் சுர்க்கிதான். முல்லைப் பெரியாறு அணையில் சுண்ணாம்போடு போட்டார்களே, அதே. இத்தாலியில் எரிமலை சுட்ட மண்ணை இங்கே சூளையில் சுட்டுக்கொண்டோம். கொத்தனாரிடம் இரண்டு பாட்டிலையும் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் சுக்கான்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

ஸ்மீட்டனின் கலவை, இறுகினால் சந்தையில் கிடைக்கும் நல்ல போர்ட்லண்ட் கல்லுக்கு நிகராக உழைக்கும் என்று எழுதினார். 1824ல் ஜோசப் ஆஸ்ப்டின் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது வைத்த பெயரும் போர்ட்லண்ட். மூட்டையில் தினமும் படித்தோமே.

மற்ற எழுத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1759ல் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரை, தண்ணீரும் காற்றும் மில் சுற்றும் சக்தியைப் பற்றியது. மாதிரிச் சக்கரம் ஒன்று செய்து, அடியில் தண்ணீர் மோதிச் சுற்றும் சக்கரத்தைவிட மேலிருந்து விழுந்து சுற்றும் சக்கரம் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று காட்டினார். அந்தச் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, சோதனை செய்தது 1752, 53ல். உண்மையான மில்லில் போட்டுப் பார்க்காமல் வெளியிட மாட்டேன் என்று காத்திருந்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட ஆளின் கட்டுரையிலும் ஒரு ஓட்டை. காற்றின் அழுத்தத்துக்கு நண்பர் ரவுஸ் என்பவர் கொடுத்த அட்டவணையைச் சேர்த்தார். அதிலிருந்து வந்த, காற்றின் வேகத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடும் 0.005 என்ற எண்ணுக்கு ஸ்மீட்டன் பெயரே ஒட்டிக்கொண்டது. 140 வருஷம் ஆளாளுக்கு அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். ரைட் சகோதரர்களின் கிளைடர் கணக்கு சொன்ன அளவு தூக்கவில்லை. 1901ல் அவர்கள் தாங்களே அளந்து பார்த்தபோது அந்த எண் 0.0033 பக்கம் வந்தது. தன் கையால் அளந்தது நின்றது, கடன் வாங்கியது கவிழ்த்தது. உனக்கு நம் பழைய மழையளவு அட்டவணை ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

அவர் ஒவ்வொரு வேலைக்கும் எழுதிய அறிக்கைகளை அவர் போன பிறகு மூன்று பெரிய தொகுதிகளாக 1812ல் போட்டார்கள். ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்க்ஸ் அந்தக் காகிதங்களை வாங்கி வைத்திராவிட்டால் எங்கே போயிருக்குமோ. அதில் பாதி நமக்குச் சாப்பாடு மாதிரி: இந்த மதகு இத்தனை அடி, அந்தக் கரை இத்தனை சரிவு. இன்னொருவருக்குத் தூக்கம் வரும். 1791ல் அவர் இனிப் புது வேலை வேண்டாம், மிச்ச நாளைச் செய்த வேலைகளைப் பற்றி எழுதச் செலவிடுகிறேன் என்று நண்பர்களுக்கு அறிவித்தார். மறு வருஷம் தோட்டத்தில் நடக்கும்போது பக்கவாதம் வந்து, அக்டோபரில் போய்விட்டார். எடிஸ்டோன் புத்தகம், ராம்ஸ்கேட் துறைமுகம் பற்றி ஒரு சின்ன வரலாறு, அவ்வளவுதான் முடிந்தது.

இப்போது நீ கேட்ட கேள்வி. ரிட்டயர் ஆகி இத்தனை வருஷம் கழித்து லெவல் புக்கையும் டைரியையும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய், பழைய பேப்பர்காரனுக்குப் போடு என்று எழுதியிருந்தாய். போடலாம் என்றுதான் நானும் பரணிலிருந்து இறக்கினேன். முதல் டிரங்குப் பெட்டியில் மேலாக இருந்தது 1983 டைரி. எந்த வேலை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்மீட்டனுக்கும் அப்படி ஒரு தோல்வி உண்டு. டைன் ஆற்றில் ஹெக்ஸம் ஊருக்கு ஒன்பது கண் பாலம் கட்டினார். 1782 மார்ச்சில் ஒரு வெள்ளம், கால்களின் அடியில் இருந்த சரளையை அரித்து வாரிக்கொண்டு போயிற்று, பாலமும் போயிற்று. தளத்தில் வேலை பார்த்த பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். நம் பெருமையெல்லாம் மண்ணோடு போயிற்று, முப்பது வருஷத் தொழிலில் ஒன்றுகூடத் தோற்றதில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று. நம் பெருமை என்கிறார், கவனி. அந்தப் பொறியாளரின் தலையில் போடவில்லை. எடிஸ்டோன் அவரைக் கைவிடவில்லை, கீழே பாறை குடையப்பட்டதால்தான் 1880களில் மேல்பாகத்தைப் பிரித்துப் பிளிமத் கரையில் கொண்டுபோய் வைத்தார்கள். அடிக்கட்டை இன்னும் கடலில் நிற்கிறது. ஆனால் எனக்கு அந்தக் கோபுரத்தைவிட இந்தக் கடிதம்தான் நெருக்கமாக இருக்கிறது.

நம் சிறுபாலம் போன மறுநாள் நீயும் நானும் கரையில் நின்று டீ குடித்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. ரிப்போர்ட்டில் "எதிர்பாராத வெள்ளம்" என்று எழுதினோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், விஷயம் முடிந்தது. டைரியில் அந்த வாரம் முழுக்க நான் எழுதியிருப்பது ஒரே வரி: "மழை. வேலை இல்லை." படித்தபோது வெட்கமாக இருந்தது. பாறைக்குப் போய் இறங்க முடியாமல் திரும்பியதைக்கூட ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதனால் அந்த ஒரு வேலையை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அச்சில் போட இல்லை. பன்னிரண்டு பக்கம் ஆகியிருக்கிறது, அடித்தல் திருத்தல்தான் அதிகம். அஸ்திவாரத்தில் வந்து நிற்கிறது. இரண்டாவது காலுக்குத் தோண்டும்போது ஊற்றுத் தண்ணீர் நிற்கவே இல்லை, இரண்டு ஆயில் இஞ்சின் வைத்தும் அடங்கவில்லை, சாயங்காலம் மேஸ்திரி களி தட்டிடுச்சு சார் என்றான், நாம் சரி போடு என்றோம். இது வரைக்கும் நினைவிருக்கிறது. குழிக்குள் இறங்கியது நீ. களி உண்மையிலேயே தட்டியதா, இல்லை மணலோடு கலந்த களியா? என் நினைவில் ஆழம் நாலரை அடி. அளவுப் பதிவேடான எம்-புக்கில் ஆறு அடி என்று இருந்ததும் நினைவிருக்கிறது. யார் எழுதினோம் அதை?

தோன்றியதைத் தோன்றியபடி எழுது. போன் வேண்டாம், போனில் நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். தை மாசம் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல். அதற்குள் மாடி வேலை முடிந்திருந்தால் மேலேயே படுக்கலாம். வரும்போது உன் பக்கத்துச் சுக்கான் கல் நாலு கொண்டு வா. உருண்டைக்கு இரண்டு டம்ளர் தனியாக வாங்கிவிட்டேன்.

அன்புடன்,
உன் ராமு